செயற்கை மூட்டைச் சுற்றி ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்தால், அது கிருமிதானா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. 14 மாதத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆறேழு மாதம் நன்றாக நடந்தார். கடந்த 4 மாதமாக வலி. ராத்திரி படுத்திருக்கும்போதும் விடுவதில்லை. லேசான வீக்கம் உண்டு, காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 58, சி.ஆர்.பி. 22. எலும்பைப் படம் பிடிக்கும் போன் ஸ்கேன் எடுத்தோம். ‘செயற்கை மூட்டைச் சுற்றி அப்டேக் அதிகம், தொற்றா, தளர்வா என்பதை மருத்துவ நிலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் மூட்டைக் கழற்ற வேண்டிவரும் என்கிறார். இன்னொருவர் 6 வாரம் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். மூன்றாமவர் வெள்ளை அணு ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். பெட் ஸ்கேன் கேன்சருக்குத்தானே எடுப்பார்கள்? மறுபடி மறுபடி கதிர்வீச்சு ஏற்றலாமா? வீட்டில் 2 வயதில் என் மகள் இருக்கிறாள். எப்போதும் பாட்டி மடியில்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டையும் படங்களையும் பார்த்தேன். இந்த ஒரு போன் ஸ்கேனை வைத்து அம்மாவின் மூட்டில் கிருமி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே மூட்டைக் கழற்றுவது, 6 வாரம் ஆன்டிபயாடிக் போடுவது, இரண்டுமே இப்போதைக்கு அவசரப்பட்ட முடிவு. அதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. மூட்டு நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதிக்க வேண்டும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் வெள்ளை அணு ஸ்கேன் எடுக்க வேண்டும். இதே வரிசையில்.

ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, முழங்கால் சிவந்து கொதித்தாலோ, தையல் போட்ட தழும்பில் ஓட்டை விழுந்து நீர் கசிந்தாலோ ஸ்கேனுக்கு நாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆர்த்தோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூட்டுவரை போகும் புரை ஒன்று இருந்துவிட்டால் அதுவே தொற்றுக்குப் போதுமான சாட்சி. அதற்குக் கதிர்வீச்சு ஊசி போட்டுப் படம் எடுக்கும் எங்கள் நியூக்ளியர் மெடிசின் துறையின் கேமரா தேவையில்லை.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். போன் ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் இருப்பது எம்.டி.பி. என்ற பாஸ்பேட் வகை மருந்து. அதோடு டெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீச்சுப் பொருளை ஒட்டியிருப்பார்கள். எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே இந்த மருந்து போய்ப் படியும். வெள்ளைப் பின்னணியில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அதைத்தான் ‘அப்டேக் அதிகம்’ என்று எழுதுகிறோம். எலும்பு எதற்காகக் கட்டப்படுகிறது என்பது இந்த மருந்துக்குத் தெரியாது. கிருமி அரித்ததைச் சரிசெய்ய எலும்பு வளர்ந்தாலும் கறுப்பு. மூட்டு ஆட்டம் கண்டு உரசுவதால் வளர்ந்தாலும் கறுப்பு. அறுவை சிகிச்சையில் செதுக்கிய எலும்பு இன்னும் ஆறிக்கொண்டிருந்தாலும் அதே கறுப்புதான்.

முழங்கால் விஷயத்தில் இந்த மூன்றாவது காரணம் மிகவும் பெரியது. மூட்டு மாற்றி ஓராண்டு கடந்து, வலி என்பதே இல்லாமல் நடமாடுகிறவர்களை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடை எலும்புப் பக்கம் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கும், கீழ்க்கால் எலும்புப் பக்கம் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கும் அப்டேக் கூடுதலாகவே இருந்தது. அம்மாவுக்கு 14 மாதம்தான் ஆகிறது. அவருடைய படத்தில் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு ஓரமாகத்தான் கறுப்பு தூக்கலாக இருக்கிறது. நன்றாக ஆறிவரும் மூட்டிலும் இதே படம் வரும். அதனால் போன் ஸ்கேனை ஒரு பக்கம் மட்டும் நம்புங்கள் என்பது என் வழக்கமான ஆலோசனை. ஒன்றுமில்லை என்று வந்தால் தொற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. தைரியமாக வேறு காரணம் தேடலாம். இருக்கிறது என்று வந்தால் அது பதில் இல்லை, அடுத்த சோதனைக்கான சீட்டு.

உங்கள் ரிப்போர்ட்டில் இன்னொரு குறை. தொற்றுச் சந்தேகத்துக்குப் போன் ஸ்கேனை மூன்று கட்டமாக எடுக்க வேண்டும். நோயாளியை முதலிலேயே கேமராவுக்கு அடியில் படுக்கவைத்து, இரண்டு முழங்காலும் சட்டத்துக்குள் விழும்படி வைத்துக்கொண்டு, அந்த நிலையிலேயே ஊசி போடுவார்கள். முதல் 1 நிமிடம், சில விநாடிக்கு ஒரு படமாக ரத்தம் பாய்வதைப் பிடிப்பது முதல் கட்டம். அடுத்த 5 முதல் 10 நிமிடத்துக்குள் திசுக்களில் ரத்தம் தேங்குவதைப் பிடிப்பது இரண்டாவது. 2 முதல் 4 மணி நேரம் கழித்து எலும்பைப் பிடிப்பது மூன்றாவது. மூன்று கட்டத்திலும் மூட்டைச் சுற்றிக் கறுத்தால் தொற்றுச் சந்தேகம் கூடும். மூன்றாவதில் மட்டும் கறுத்தால் தளர்வின் பக்கம் சாயும். முழங்காலில் இந்தக் கணக்கும் சில சமயம் பொய்க்கும். ஆனாலும் முதல் இரண்டு கட்டமே இல்லாமல் யோசிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற மாதிரி. அம்மாவுக்கு ஊசியை வெளி அறையில் போட்டு, 3 மணி நேரம் உட்காரவைத்து, மூன்றாவது கட்டம் மட்டும் எடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். இந்தக் கேள்விக்குப் போதாது. இதற்காக இன்னொரு போன் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. அந்தச் செலவை வெள்ளை அணு ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்பட்ட மூட்டுத் தொற்றைச் சந்தேகிக்க ஈ.எஸ்.ஆர். 30க்கு மேல், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் என்று எல்லை வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டுமே தாண்டியிருக்கிறது. ஆனால் சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டர் கணக்கிலும் சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கிலும் தரும். 2.2 என்று ஒரு லேபில் வந்ததும் 22 என்று இன்னொன்றில் வந்ததும் ஒரே அளவாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, காலில் புண், பல் சீழ் இவற்றாலும் இந்த எண்கள் ஏறும். சர்க்கரைக்காரர் என்பதால் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

மூட்டு நீரை எடுப்பது சின்ன வேலை, ஆனால் இந்த வழக்கில் அதுதான் முக்கியச் சாட்சி. கிருமியை நேரில் பிடித்துப் பெயர் சொல்வது அது மட்டுமே. ஸ்கேன் எதுவும் கிருமியின் பெயரைச் சொல்லாது. எடுத்த நீரில் ஒரு பகுதி, உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. குழாயில் அணுக்களை எண்ணப் போக வேண்டும். மறுபகுதி, கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் போக வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 3000 வெள்ளை அணுக்களுக்கு மேல் இருந்தாலோ, அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை 80 சதவீதத்தைத் தாண்டினாலோ தொற்று என்ற பக்கம் தராசு நன்றாகத் தாழும். கல்ச்சரை 14 நாள் வைத்திருக்கும்படி லேபில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். செயற்கை மூட்டில் ஒட்டிக்கொண்டு வாழும் சில கிருமிகள் மெதுவாகத்தான் வளரும். வழக்கமாக 5 நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று மூடிவிட்டால் அவை தப்பித்துவிடும். நம் ஊரில் காசநோய்க் கல்ச்சரும் சேர்த்துக் கேட்பது நல்லது.

‘ஆன்டிபயாடிக் போட்டுப் பார்க்கலாம்’ என்ற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். நீர் எடுப்பதற்கு முன் மாத்திரை தொடங்கினால் கல்ச்சரில் கிருமி வளராது, ஆனால் மூட்டில் சாகாது. உலோகத்தின் மேல் அது வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். மருந்து அதற்குள் சரியாக ஊடுருவாது. வலி கொஞ்சம் குறையும், சி.ஆர்.பி. இறங்கும், எல்லாரும் நிம்மதியாவார்கள், மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும். அதற்குள் எது கிருமி என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கெட்டிருக்கும். ஏற்கெனவே ஏதாவது ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்தி குறைந்தது 2 வாரம் கழித்து நீர் எடுப்பதே வழக்கம். நீங்களாக நிறுத்தாதீர்கள், சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இனி வெள்ளை அணு ஸ்கேன். வாசகர்களுக்குப் பழக்கமில்லாதது, பல ஊர்களில் கிடைக்காதது, ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் துறையிடம் உள்ள நல்ல பதில் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யோசனை எளிது. கிருமி எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளை அணுக்கள் ஓடும். அம்மாவின் ரத்தத்திலிருந்தே வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, கேமராவுக்குத் தெரியும்படி டெக்னீசியத்தை ஏற்றி, திரும்ப அவருக்கே செலுத்தி, எங்கே போய்க் கூடுகின்றன என்று பார்க்கிறோம். காலையில் 40 முதல் 60 மில்லி ரத்தம், உறையாமல் இருக்க ஏ.சி.டி. கரைசல் கலந்த சிரிஞ்சில், கொஞ்சம் பெரிய ஊசியால் மெதுவாக எடுப்பார்கள். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் அணுக்கள் அடிபடும். அந்த ரத்தத்தில் ஸ்டார்ச் கரைசல் சேர்த்து அசையாமல் நிறுத்திவைத்தால் முக்கால் மணி நேரத்தில் சிவப்பணுக்கள் கனத்து அடியில் இறங்கும். மேலே கலங்கிய மஞ்சளாக நிற்பதுதான் வெள்ளை அணுக்கள் மிதக்கும் பிளாஸ்மா. அதை உறிஞ்சி, சென்ட்ரிபியூஜில் குறைந்த வேகத்தில் சுழற்றினால் அணுக்கள் குழாயின் அடியில் ஒரு பொட்டாக ஒட்டும். அந்தப் பொட்டின் மேல் எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற மருந்தோடு கலந்த டெக்னீசியத்தைச் சேர்த்து, 10 நிமிடம் அவ்வப்போது இதமாக அலசிவிடுவார்கள். குலுக்கக் கூடாது. ஒட்டாத மருந்தைக் கழுவிவிட்டு, அம்மாவின் பிளாஸ்மாவிலேயே கரைத்து, மறுபடி நரம்பில் ஏற்றுவார்கள். ரத்தம் எடுத்ததிலிருந்து திரும்ப ஏற்றுவதுவரை 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

ஒவ்வொரு படியிலும் கெட்டுப்போக வழி உண்டு. எச்.எம்.பி.ஏ.ஓ. கொஞ்சம் பிடிவாதமான மருந்து. ஜெனரேட்டரிலிருந்து டெக்னீசியத்தைக் கறந்து 2 மணி நேரத்துக்குள் கலக்க வேண்டும். அந்த ஜெனரேட்டரும் முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை கறக்கப்பட்டிருக்க வேண்டும். கறப்பது என்றுதான் நாங்கள் சொல்வோம். உள்ளே மாலிப்டினம்-99 இருக்கும்; அது சிதைந்து டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும்; உப்புநீரை விட்டு வெளியே எடுப்போம். சனி, ஞாயிறு கறக்காமல் விட்ட ஜெனரேட்டரில் பழைய, சிதைந்துபோன டெக்னீசியம் தேங்கி, அணுக்களில் ஒட்ட வேண்டிய புதியதோடு போட்டி போடும். அதனால் திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால், முந்தைய நாள் கறந்தார்களா என்று கேட்பதில் தவறில்லை; செவ்வாய் அல்லது புதன் கேட்டு வாங்குங்கள்.

அணுக்களை முரட்டுத்தனமாகக் கையாண்டால் அவை செத்துப்போகும். அப்படிச் செத்த அணுக்களைத் திரும்ப ஏற்றினால் நுரையீரலிலேயே மாட்டிக்கொண்டு நகராது. முதல் 1 மணி நேரப் படத்தில் நுரையீரல் தெரிவது சாதாரணம். 4 மணி நேரத்திலும் பளிச்சென்று தெரிந்தால் தயாரிப்பு சரியில்லை என்று பொருள். முழங்காலில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிம்மதிப்படக் கூடாது. ரிப்போர்ட்டில் ‘லேபிளிங் எபிஷியன்சி’, அதாவது டெக்னீசியம் அணுக்களில் ஒட்டிய அளவு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 40 முதல் 80 சதவீதம் வரை இருப்பது வழக்கம். அம்மாவின் ரத்தத்தில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை 2000க்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. எடுத்த ரத்தம் வேறொருவருக்கு மாறிப் போய்விடக் கூடாது. நல்ல மையங்களில் ஒரு நேரத்தில் ஒருவருடைய ரத்தத்தை மட்டுமே கையாள்வார்கள். ஒவ்வொரு குழாயிலும் பெயரும் எண்ணும் ஒட்டுவார்கள். திரும்ப ஏற்றும் முன் அம்மாவையே முழுப்பெயர் சொல்லச் சொல்லி இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். அதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படம் மூன்று முறை எடுப்பார்கள்: 1 மணி நேரத்துக்குள், 3 அல்லது 4 மணி நேரத்தில், மறுநாள் 20 முதல் 24 மணி நேரத்தில். மூன்றாவதைத் தவிர்த்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பலாமா என்று பலர் கேட்பார்கள். திரும்பக் கூடாது. முடிவே அந்தப் படத்தில்தான் இருக்கிறது. நேரம் போகப்போக ஒரு இடம் பெரிதாகவோ அழுத்தமாகவோ ஆனால் அங்கே அணுக்கள் தொடர்ந்து வந்து சேர்கின்றன; அது தொற்று. அப்படியே நின்றாலோ மங்கினாலோ அது தொற்றாக இருக்க வாய்ப்பில்லை. டெக்னீசியத்தின் கதிரியக்கச் சிதைவைக் கணக்கிட்டு மறுநாள் படத்துக்குக் கூடுதல் நேரம் கேமராவை ஓடவிட வேண்டும் என்பதையும் டெக்னீசியன் மறக்கக் கூடாது. மூன்றையும் ஒரே 10 நிமிடம் எடுத்துவிட்டு, மறுநாள் மங்கலாக இருக்கிறது, தொற்று இல்லை என்று எழுதினால் அது தப்பு. முப்பரிமாணப் படம் தரும் ‘ஸ்பெக்ட் சி.டி.’யும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கூடியிருப்பது எலும்பிலா, வெறும் சதையிலா என்பது அதில்தான் பிரியும்.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. வெள்ளை அணுக்கள் கிருமியிடம் மட்டும் போவதில்லை. எலும்பு மஜ்ஜையிலும் தங்கும். செயற்கை மூட்டைப் பொருத்தும்போது மஜ்ஜை இடம்பெயர்ந்து, வழக்கமாக இல்லாத இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். ஸ்கேனில் அது தொற்று மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தால், மஜ்ஜையில் போய்த் தங்கும் சல்பர் கொலாய்ட் ஊசியோடு மஜ்ஜை ஸ்கேன் ஒன்று எடுப்போம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வெள்ளை அணு இருக்கும் இடத்தில் மஜ்ஜையும் இருந்தால் பயமில்லை. வெள்ளை அணு இருக்கிறது, அதே இடத்தில் மஜ்ஜை இல்லை என்றால் அது தொற்று. இந்த ஜோடிச் சோதனையின் துல்லியம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். செயற்கை மூட்டுக்கு எங்கள் துறையில் இதற்கு மேல் நம்பகமான வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட் ஸ்கேன் கேன்சருக்கு மட்டும் என்பது சரியல்ல. அதில் போடும் எஃப்.டி.ஜி. என்பது சர்க்கரையைப் போன்ற ஒரு மருந்து. அதிகச் சர்க்கரையை எரிக்கும் திசு எதுவானாலும் பளிச்சிடும். கேன்சர் செல்லும் எரிக்கும், கிருமியோடு சண்டைபோடும் வெள்ளை அணுக்களும் எரிக்கும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலுக்கும், முதுகெலும்பில் தொற்று என்ற சந்தேகத்துக்கும் அது மிகச் சிறந்தது. முதுகெலும்பில் வெள்ளை அணு ஸ்கேன் ஏமாற்றும். தொற்று உள்ள எலும்பே வெறுமையாகத் தெரிவதும் உண்டு. காசநோயிலும் நிணநீர்க் கட்டிகள் பெட்டில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் நம் ஊரில் பெட்டில் பளிச்சிட்டதை எல்லாம் கேன்சர் என்று நினைத்துக் குடும்பமே இடிந்துபோக வேண்டாம், ஊசியால் திசு எடுத்துப் பார்த்த பிறகு பேசலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் பெட் என் முதல் தேர்வு இல்லை. உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசி உதிரும் துகள்களை உடம்பு தின்ன வரும். அந்த அழற்சியும் பெட்டில் பளிச்சிடும், கிருமியே இல்லாமல். போதாக்குறைக்கு, பெட் சி.டி.யில் உலோகத்தின் ஓரம் கணக்குப் பிழையால் கூடுதலாக ஒளிரும். வெள்ளை அணு ஸ்கேன் எட்டாத தூரத்தில் இருந்து, பெட்தான் கிடைக்கும் என்றால், ‘அட்டெனுவேஷன் கரெக்ஷன் (அதாவது அந்தக் கணக்குத் திருத்தம்) செய்யாத படத்தையும் பார்த்து எழுதுங்கள்’ என்று சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்திலும் பளிச்சிட்டால்தான் மதிப்பு.

பெட் எடுப்பதாக முடிவானால் சர்க்கரைக்காரர் என்பதால் சில விஷயங்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பால் இல்லாத டீ என்றாலும் சர்க்கரை போட்டால் கெட்டது. ஊசி போடும்போது ரத்தச் சர்க்கரை 200க்குள் இருப்பது நல்லது. தொற்று பார்க்கும்போது கொஞ்சம் கூடினாலும் ஒரேயடியாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சர்க்கரையை அவசரமாக இறக்க அங்கேயே இன்சுலின் போட்டுவிட்டு உடனே எஃப்.டி.ஜி. போட்டால் மருந்து முழுக்கச் சதைக்குப் போய்விடும், படம் வீண். சாதாரண இன்சுலின் போட்டால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஊசிக்குப் பிறகு 1 மணி நேரம் நடக்காமல், பேசாமல், பாக்கு வெற்றிலை மெல்லாமல் படுத்திருக்க வேண்டும். மென்றால் தாடைச் சதை ஒளிரும். நேரத்துக்குப் போவது மிக முக்கியம். எஃப்.டி.ஜி.யின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 110 நிமிடம். நீங்கள் 2 மணி நேரம் தாமதமாகப் போனால் உங்களுக்காக வந்த மருந்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள், அறுவை சிகிச்சை தேதி, சிமென்ட் வைத்துப் பொருத்தியதா என்ற விவரம், கடைசியாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் பெயரும் தேதியும், பழைய போன் ஸ்கேன் படங்களைப் பதிந்து தந்த டிஸ்க். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் வேண்டும். ஊசி எந்தக் கையில் போட்டார்கள் என்று அம்மாவை நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நரம்பில் ஏறாமல் கொஞ்சம் மருந்து வெளியே கசிந்தால் அந்தப் பக்கத்து அக்குளில் ஒரு பொட்டு தெரியும். விவரம் தெரியாதவர் அதை நிணநீர்க் கட்டி என்று எழுதிவிடுவார். சேலையில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டாலும் எலும்பில் புள்ளி மாதிரி விழும். படத்துக்கு முன் சிறுநீர் கழித்து, துடைத்து, மாற்றுத் துணி கட்டிக்கொள்ளட்டும்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பில் சேரும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வோம். போன் ஸ்கேனில் சுமார் 4 மில்லிசீவர்ட், வெள்ளை அணு ஸ்கேனிலும் ஏறக்குறைய அதே அளவு, பெட்டில் ஊசிக்கு மட்டும் சுமார் 7, சி.டி.க்குத் தனியாகச் சில மில்லிசீவர்ட். உலகில் சராசரி மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓர் ஆண்டில் சேர்வது 2.4. உங்கள் மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால், அந்தக் கரையின் சில இடங்களில் இயற்கை அளவே இந்தச் சராசரியைவிட அதிகம். 63 வயதில், ஒரு மூட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்காக, இந்த அளவு ஏற்கத்தக்கதுதான். எதற்கு என்று தெரியாமல் எடுக்கும் ஸ்கேன்தான் கூடாது. தொற்று என்று உறுதியானால் மூட்டை எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் துண்டு வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு புது மூட்டு வைக்கும் இரண்டு கட்ட அறுவை சிகிச்சை வரலாம். வெறும் தளர்வு என்றால் ஒரே அறுவை சிகிச்சையில் முடியும். அம்மா அனுபவிக்கப் போகும் வேதனையில் அவ்வளவு வித்தியாசம்.

மகளைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். ஸ்கேனுக்குப் போகும்போது குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். உங்களுக்கோ துணைக்கு வருபவருக்கோ கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் வேறு யாராவது போகட்டும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். முதல் நாள் மதியம் 1 மணிக்கு ஊசி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு திருவனந்தபுரமோ மதுரையோ, ஸ்கேன் எடுக்கும் ஊரிலேயே தங்கி, மறுநாள் காலைப் படத்தை முடித்துக்கொண்டு இரவு 7 மணிக்கு வீடு வந்து சேர்கிறீர்கள். 30 மணி நேரம், அதாவது ஐந்து அரை ஆயுள் கடந்திருக்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம், அதிலும் கொஞ்சம் ஏற்கெனவே சிறுநீரில் போயிருக்கும். வாசலில் காத்திருக்கும் பேத்தியை அம்மா தூக்கிக்கொள்ளலாம், முழங்கால் தாங்கும் என்றால்.